கூட்டிலிருந்து வந்தது எது? வகுப்பறைக்குப் புத்தகம் தேர்ந்தெடுத்ததில் நேர்ந்த ஒரு பிழை குறித்த நிகழ்வு ஆய்வு

சூழல்

தருமபுரி மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில், 4 ஆம் வகுப்பையும் 5 ஆம் வகுப்பையும் ஒரே அறையில் அமர்த்திப் பாடம் நடத்திவந்த ஆண்டில், பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சிக்குத் துணையாகக் குழந்தைகள் புத்தகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வில் நான் எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கத் தவறினேன், தவறு தெரிந்தபின் என்ன செய்தேன் என்பதே இந்த ஆய்வின் பொருள். புத்தகம் நல்லதா என்ற கேள்வி இங்கே எழவில்லை. அது உலகெங்கும் குழந்தைகள் விரும்பும் புத்தகம். அந்தப் பாடத்துக்கு, அந்தக் குழந்தைகளிடம் அது என்ன வேலை செய்தது என்பதுதான் கேள்வி.

ஊரைப் பற்றி ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பள்ளியைச் சுற்றிலும் மல்பெரித் தோட்டங்கள் உண்டு. வகுப்பில் 6 குழந்தைகளின் வீடுகளில் பட்டுப்புழு வளர்த்தார்கள். கூடு அறுவடையாகும் வாரத்தில் அந்தப் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு வருவார்கள். ஒரு நாள் வராமலும் இருந்துவிடுவார்கள். அப்பாவோ அம்மாவோ மூட்டைகளோடு தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் போயிருப்பார். இதெல்லாம் எனக்கு வருகைப் பதிவேட்டின் வழியாக நன்றாகத் தெரியும். புத்தகத்தைத் தேர்ந்தெடுத்த அன்று மட்டும் நினைவுக்கு வரவில்லை.

மேசைமேல் இருந்தவை

பாடத்தின் மையம் முழு உருமாற்றம். முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்ந்த பூச்சி என நான்கு நிலைகள். பாடநூலில் அம்புக்குறிகளோடு ஒரு வட்டப்படம் இருக்கும். பிள்ளைகள் அதை அப்படியே நோட்டில் வரைந்து பெயர் எழுதிவிடுவார்கள். வரைந்தபின்னும் புழுவுக்குள் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குப் புதிராகவே இருக்கும். ஆகவே படத்தை அசையவைக்கும் ஒரு கதை வேண்டும் என்று நினைத்தேன்.

பள்ளி பீரோவிலும் என் கைப்பையிலுமாகத் தேடியதில் நான்கு புத்தகங்கள் தேறின. ஒன்று, பட்டாம்பூச்சிகளைப் பற்றிய தகவல் நூல். செய்திகள் சரியானவை, படங்கள் உண்மையான புகைப்படங்கள். ஆனால் அவை தபால்தலை அளவுக்குச் சுருங்கியிருந்தன; நடையோ ‘உருமாற்றம் நிகழப்பெறுகின்றது’ என்ற வகையில் இருந்தது. இன்னொன்று பாட்டு வடிவில் அமைந்த புத்தகம்: அசிங்கமான புழுவை எல்லாரும் கேலி செய்கிறார்கள், அது அழகான பட்டாம்பூச்சியாகி அவர்களை வெட்கப்படுத்துகிறது. மூன்றாவது, கட்டற்ற உரிமத்தில் இணையத்தில் கிடைத்து நான் அச்செடுத்து வைத்திருந்த சிறு கதை. நான்காவது, பள்ளிக்கு வந்த தன்னார்வலர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்துவிட்டுப் போன, அமெரிக்க எழுத்தாளர் எரிக் கார்ல் எழுதிய பசித்த கம்பளிப்புழுக் கதை.

பாட்டுப் புத்தகத்தை உடனே ஒதுக்கினேன், அதற்காக இன்றும் வருந்தவில்லை. பட்டுப்புழு வளர்க்கும் வீட்டில் புழு அசிங்கமான பொருள் அன்று. வளர்ப்பு மனைக்கு வெளியே செருப்பை விட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போவார்கள். தழை ஈரமாக இருந்தால் போடமாட்டார்கள். புழு தோலுரிக்கும் நேரத்தில் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருக்கும்போது தொந்தரவு செய்யமாட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளையிடம் ‘புழு அசிங்கம்’ என்று பாடச் சொல்வது, அவள் அம்மா நாள் முழுதும் செய்யும் வேலையை அசிங்கம் என்று சொல்வதாகிவிடும். அச்செடுத்த கதையைப் படங்கள் கறுப்பு வெள்ளையில் மங்கிப்போனதால் விட்டுவிட்டேன்.

வாசிப்புப் படிநிலையைக் கொண்டு தேர்ந்தெடுக்கலாமா என்றும் யோசித்தேன். தமிழ்நாட்டு வாசிப்பு இயக்கத்தின் நூல்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டவை. பிரதம் புக்ஸ் நிறுவனமும் தன் நூல்களை, சொற்களின் எண்ணிக்கையையும் வாக்கியச் சிக்கலையும் பார்த்து, நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. குழந்தை தானே எடுத்து வாசிக்கும் நேரத்தில் இந்தப் பிரிவுகள் பெரிதும் உதவுகின்றன. பாடவேளையிலோ புத்தகத்தை வாசிக்கப்போவது ஆசிரியர்; குழந்தைகள் கேட்கவும் பார்க்கவும் போகிறார்கள். அப்போது கடைசி வரிசைக்குப் படம் தெரியுமா, உரத்து வாசித்தால் வாக்கியம் நாக்கில் புரளுமா என்பவையே முதலில் பார்க்க வேண்டியவை. நிலை எண் குழந்தையால் வாசிக்க முடியுமா என்பதைச் சொல்லும். அந்தப் புத்தகம் பாடத்தைச் சுமக்குமா என்பதைச் சொல்லாது. இவ்வளவும் எனக்கு அன்றே தெரிந்திருந்தது என்பதுதான் வேடிக்கை. ஏனென்றால் இந்த அளவுகோல்களின்படி எரிக் கார்லின் புத்தகமே எளிதாக வென்றது.

அது 1969 இல் வெளிவந்தது. ஆங்கில மூலத்தில் மொத்தம் 224 சொற்கள்தாம். திங்கட்கிழமை 1 ஆப்பிள், செவ்வாய்க்கிழமை 2 பேரிக்காய் என்று தொடங்கி வெள்ளிக்கிழமை 5 ஆரஞ்சு வரை புழு துளைத்துக்கொண்டே போகும்; ஒவ்வொரு பழத்திலும் உண்மையான துளை இருக்கும், குழந்தை அதில் விரலை நுழைக்கலாம். சனிக்கிழமை கேக், ஐஸ்கிரீம், ஊறுகாய் என 10 பண்டங்களைத் தின்று வயிற்றுவலி வந்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு பச்சை இலையைத் தின்றபின் வலி தீரும். பிறகு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டி, இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளேயே இருந்து, துளை போட்டு வெளியே வரும். எண்ணிக்கை இருக்கிறது, கிழமைப் பெயர்கள் இருக்கின்றன, நான்கு நிலைகளும் இருக்கின்றன. இதைவிட வேறென்ன வேண்டும் என்று எண்ணினேன்.

முதல் பாடவேளை

ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லிப் போனேன். வகுப்பு கொண்டாடியது. ‘ஆனாலும் அதுக்குப் பசி தீரல’ என்ற வரியைப் பிள்ளைகளே கோரஸாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கடைசிப் பக்கத்தில் இரு தாள்களையும் நிறைத்துக்கொண்டு சிறகு விரியும்போது பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான். 10 நிமிடத்தில் கதை முடிந்தது. மீதி நேரத்தில், புழுவுக்கும் பட்டாம்பூச்சிக்கும் நடுவிலுள்ள நிலையை வரையச் சொன்னேன்.

ஏறக்குறைய எல்லாரும் பழுப்பு நிறத்தில் உப்பிய ஒரு பையை வரைந்தார்கள். சிலர் அதில் ஒரு துளையையும் போட்டிருந்தார்கள். புத்தகம் சொன்னதை வகுப்பு அப்படியே வாங்கிக்கொண்டது என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தபோது, பட்டுப்புழு வளர்க்கும் வீட்டுச் சிறுமி ஒருத்தி வரையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா வரையல?”

“டீச்சர், கூட்டுல இருந்து பட்டாம்பூச்சி வராது. எங்க வீட்டுல விக்காம விட்ட கூட்டுல இருந்து வெள்ளையா ஒரு பூச்சிதான் வந்துச்சு. அதுக்குப் பறக்கவே தெரியல.”

உடனே பக்கத்திலிருந்தவன், “பட்டுப்புழுதான பட்டாம்பூச்சி ஆகும்? பேர்லயே இருக்குதே” என்றான். இன்னொருவன் மல்பெரி இலையைத் தவிர வேறு எதையும் புழு தொடாது, கேக் தின்னும் என்பது பொய் என்றான். மூன்று பேரும் மூன்று வெவ்வேறு கேள்விகளை எழுப்பியிருந்தார்கள். நான் சொன்ன பதில் இது: “ரெண்டும் ஒண்ணுதாம்மா, இது பட்டாம்பூச்சிக் கூடு, அது பட்டுக்கூடு.” அவள் ஒத்துக்கொண்டு பழுப்புப் பையை வரைந்தாள். இந்த ஆய்வில் பதிவாக வேண்டிய முதன்மையான நிகழ்வு அதுதான். சரியாக அறிந்திருந்த ஒரு குழந்தை, புத்தகமும் ஆசிரியரும் சேர்ந்து சொன்னதால், தான் அறிந்ததை அழித்துவிட்டுத் தவறானதை வரைந்தாள்.

பிழையின் வேர்கள்

அன்று மாலை அந்தத் தகவல் நூலை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் வளரும் பட்டாம்பூச்சிப் புழு தன்னைச் சுற்றிக் கூடு எதையும் கட்டுவதில்லை. வளர்ந்து முடிந்ததும் ஒரு கொம்பில் சிறிது பட்டிழையைப் பூசி அதில் வால்நுனியை மாட்டிக்கொள்கிறது; இடுப்பைச் சுற்றி ஒரே ஒரு இழையைக் கயிறுபோல் கட்டிக்கொள்கிறது. பிறகு கடைசித் தோலை உரிக்கிறது. உள்ளிருந்து வெளிப்படும் புதிய தோலே இறுகி உறையாகிறது. பட்டுப்புழுவோ வாயிலிருந்து அறுபடாமல் வரும் நூலைத் தன்னைச் சுற்றிச் சுற்றிக் கூடாக்கி, அதற்குள்ளே தோலை உரித்துக்கொள்கிறது. ஆக, இரண்டிலும் உருமாறும் உயிர் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. ஒன்றுக்கு மட்டும் வெளியே ஒரு சுவர் இருக்கிறது.

எரிக் கார்லின் புத்தகத்தில் பட்டாம்பூச்சி கூட்டிலிருந்துதான் வருகிறது. இது நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டப்பட்டு வரும் பிழை, அவரும் அதை மறைக்கவில்லை. சிறுவயதில் தந்தை தன்னிடம் ‘உன் கூட்டைவிட்டு வெளியே வா’ என்று சொல்வது வழக்கம், அந்தச் சொல்லை விட்டுவிட்டு அறிவியல் சொல்லைப் போட மனம் வரவில்லை, ஆகவே கவிதை அறிவியலை வென்றுவிட்டது என்ற பொருளில் விளக்கம் தந்திருக்கிறார். கேக் தின்னும் புழுவை எந்தப் பூச்சியியல் கையேட்டிலும் தேட வேண்டாம் என்பதும் அவர் சொன்னதுதான். கதை எழுதியவருக்கு இந்த உரிமை உண்டு. கதையை அறிவியல் பாடத்துக்குள் கொண்டுவந்தவள் நான். அந்த உரிமை எனக்கு இல்லை.

பழியின் ஒரு பங்கு நம் கலைச்சொல்லுக்கும் போக வேண்டும். ஆங்கிலத்தில் பட்டாம்பூச்சியின் உறைக்கு ஒரு சொல், பட்டிழைக் கூட்டுக்கு வேறொரு சொல். தமிழ்ப் பாடநூலில் அந்த நடு நிலைக்கு, எந்தப் பூச்சியானாலும், ‘கூட்டுப்புழு’ என்றே பெயர். சொல்லுக்குள்ளேயே கூடு இருக்கிறது. கூட்டுப்புழு என்று எழுதிப்போட்டுவிட்டுக் கூட்டை வரையாதே என்று ஒரு குழந்தையிடம் எப்படிச் சொல்வது? பட்டாம்பூச்சி என்ற பெயரில் பட்டு என்ற ஒலி இருப்பதால், பட்டு வளரும் ஊரில் குழப்பம் இரட்டிப்பாகிறது. பையன் ‘பேர்லயே இருக்குதே’ என்றது வாய்த்துடுக்கு அன்று, முறையான அனுமானம்.

மூன்றாவது காரணம், கதை நினைவில் தங்கும் விதம். 1995 இல் மேயர் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு, குழந்தை இலக்கியத்தை அறிவியல் பாடத்தில் பயன்படுத்துவோர் அடிக்கடி சுட்டுவது. அதில் குழந்தைகளுக்குச் சொன்ன கதையில், தன் வீட்டுக் குளத்தில் திமிங்கிலம் இருப்பதாக ஒரு சிறுமி ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவாள். அவர் ஒவ்வொரு பதிலிலும் திமிங்கிலத்தைப் பற்றிய சரியான செய்தியைத் தருவார். அந்தக் கதையைக் கேட்டபின் குழந்தைகள் பலரிடம், கற்பனைப் பகுதிகள் திமிங்கிலத்தைப் பற்றிய தவறான அறிவாகத் தங்கியிருந்ததை மேயர் கண்டார். சரியான செய்தி புத்தகத்தில் இருந்தாலே போதாது, கதையின் அழுத்தம் எங்கே விழுகிறதோ அங்கேதான் நினைவும் தங்குகிறது. எங்கள் வகுப்பில் அழுத்தம் விழுந்த இடங்கள் இரண்டு: பசி தீராத வரியும், கூட்டில் போட்ட துளையும்.

இரண்டாம் தேர்வு

மறுநாள் புத்தகத்தை மாற்றுவதா, வேண்டாமா என்பதில் தலைமை ஆசிரியருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. தவறான செய்தியுள்ள புத்தகத்தைத் திரும்ப வகுப்புக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது அவர் நிலை. அதைப் பீரோவுக்குள் வைத்துவிட்டால் பிள்ளைகள் வரைந்த பழுப்புப் பை மட்டும் வெளியே நிற்கும் என்பது என் வாதம். கடைசியில், நடத்தும் முறையை முன்கூட்டியே எழுதிக் காட்டியபின் சம்மதித்தார். அப்படி எழுத வைத்தது நல்லதாகப் போயிற்று. முதல் முறை நான் அதைத்தான் செய்யவில்லை.

இம்முறை புத்தகத்திலிருந்து தொடங்காமல் கேள்வியிலிருந்து தொடங்கினேன். ‘உறை எதனால் ஆனது?’ இந்த ஒரு கேள்விக்கு எந்தப் பக்கம் பதில் தருகிறது என்று நான்கு புத்தகங்களையும் புரட்டியதில், முதல் நாள் நான் நடைக்காக ஒதுக்கிய தகவல் நூலில்தான் பதில் இருந்தது, அதுவும் ஒரே பக்கத்தில். புழு கடைசித் தோலை உரிக்கும் மூன்று புகைப்படங்கள் அங்கே வரிசையாக இருந்தன. படங்கள் சிறியவை என்பதால் வகுப்பை ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். உரைப்பகுதியை நான் வாசிக்கவில்லை, பேச்சுவழக்கில் சொன்னேன். ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தாக வேண்டும் என்ற கடமை பாடவேளைக்கு இல்லை என்பது எனக்கு அன்றுதான் முழுமையாக உறைத்தது.

பள்ளிக் கிணற்றடியில் ஒரு கறிவேப்பிலைச் செடி உண்டு. அதில் பறவை எச்சம்போல் தோன்றும் சிறு புழுக்களும், பச்சையாகத் திரண்டுவிட்ட பெரிய புழுக்களும் இருந்தன. குச்சியால் லேசாகத் தொட்டால் பெரிய புழு தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கிளையாகச் சிவந்த கொம்பொன்றை நீட்டி ஒரு நாற்றத்தை விடும். அதைக் கண்டுபிடித்த பிறகு வகுப்பை உள்ளே அழைத்துவரச் சிறிது நேரம் பிடித்தது. கொம்பில் ஏற்கெனவே இரண்டு உறைகள் தொங்கிக்கொண்டிருந்தன. கிளையோடு வெட்டி, தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் செருகி மேசைமேல் வைத்தேன்.

முந்தைய நாள் வரைய மறுத்த சிறுமியைக் கேட்டு, அங்காடிக்கு அனுப்பாமல் ஒதுக்கிய கறைக்கூடுகள் இரண்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஒரு கூட்டின் நுனியைச் சிறு கத்தரியால் சுற்றி வெட்டுவது எப்படி என்று எனக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். நடுவில் வெட்டினால் உள்ளே இருப்பது அடிபடும். வெட்டிக் கவிழ்த்ததும் பழுப்பு நிறக் கூட்டுப்புழு உள்ளங்கையில் விழுந்தது. அதோடு சுருங்கிய தோல் ஒன்றும் விழுந்தது. வயிற்றுப் பகுதி மெல்ல நெளிந்தபோது, அதுவரை சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அமைதியானார்கள். அதைக் கறிவேப்பிலைக் கிளையில் தொங்கிய உறைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன்.

“டீச்சர், இது போர்வை போர்த்தியிருந்துச்சு. அது போர்த்தல” என்றான் ‘பேர்லயே இருக்குதே’ என்றவன்.

அதன்பிறகுதான் எரிக் கார்லின் புத்தகத்தைத் திறந்தேன். கதையை மறுபடி சொல்லும்போது, எந்தெந்த இடத்தில் கதைப்புழு நம் புழுவிடமிருந்து மாறுபடுகிறது என்று கைதூக்கச் சொன்னேன். கேக்குக்கும் ஐஸ்கிரீமுக்கும் உடனே கைகள் உயர்ந்தன. முட்டை இலைமேல் இருப்பது சரி என்று ஒத்துக்கொண்டார்கள். கூடு கட்டும் பக்கம் வந்ததும் பெரிய விவாதம் எழுந்தது. எழுதியவருக்குத் தெரியாதா என்று கேட்டார்கள். அவர் தன் அப்பாவின் சொல்லை விட மனமில்லாமல் எழுதினார் என்ற செய்தியைச் சொன்னேன். ஒருத்தி, “அப்பா சொன்னதுன்னா மாத்த மாட்டாங்கதான்” என்று அவருக்காகப் பரிந்து பேசினாள். அன்று வரைந்த படங்களில் பெரும்பாலானவற்றில் இடுப்புக்கயிறு இருந்தது. இருவர் மட்டும் பழைய பையையே வரைந்தார்கள். அவர்களை மறுபடி வரையச் சொல்லவில்லை, கிளையருகே உட்காரவைத்தேன்.

பின்தொடர்ந்தவை

இந்த நிகழ்வுக்குப் பின் பாடத்துக்கான புத்தகத்தை எடுக்கும்போது நான் செய்வது கொஞ்சம் மாறியிருக்கிறது. பாடத்தின் ஒரே கேள்வியை முதலில் ஒரு தாளில் எழுதிவிடுகிறேன். புத்தகத்தை வாசித்து மூடியபின், நினைவில் நிற்கும் வரி எது என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அந்த வரி தாளில் எழுதிய கேள்விக்கு எதிராக நின்றால், அந்தப் புத்தகம் தனியாக வகுப்புக்குப் போகாது, துணைக்கு இன்னொன்றோடுதான் போகும். மொழிபெயர்ப்பானால் கலைச்சொற்களை மட்டும் தனியே அடிக்கோடிட்டுப் பார்க்கிறேன். அந்தப் பொருளைப் பற்றி வகுப்பில் யார் வீட்டில் அறிந்திருப்பார்கள் என்று வருகைப் பதிவேட்டை ஒருமுறை புரட்டுவது எல்லாவற்றையும்விடப் பயனுள்ளதாக இருக்கிறது. இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று சக ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. எல்லாப் பாடத்துக்கும் நானும் செய்வதில்லை. பருவத்துக்கு இரண்டு மூன்று பாடங்களுக்கு முடிகிறது.

பஞ்சுப் பெட்டியில் வைத்த பட்டுக் கூட்டுப்புழுவிலிருந்து வெண்ணிற அந்துப்பூச்சி வந்தது. சிறகைப் படபடத்ததே தவிர எழும்பவில்லை. கிளையில் இருந்த இரண்டு உறைகளில் ஒன்றிலிருந்து ஒரு காலைப்பொழுதில், பிரார்த்தனைக் கூட்டம் முடிவதற்குள், பட்டாம்பூச்சி வெளிவந்துவிட்டது. நாங்கள் போய்ப் பார்த்தபோது கசங்கிய சிறகை விரித்துக்கொண்டிருந்தது.

அதற்குள் பிள்ளைகள் எரிக் கார்லின் புத்தக உள்ளட்டையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள்: ‘இது கதை. கறிவேப்பிலைப் புழு கூடு கட்டாது. பட்டுப்புழு கட்டும். கேக் எதுவும் தின்னாது.’ இரண்டாவது உறை நாளாக ஆக நிறம் கறுத்தது. ஒருநாள் அதன் பக்கவாட்டில் குண்டூசி முனையளவு துளை விழுந்து, எறும்பைவிடச் சிறிய குளவிகள் வரிசையாக வெளியே வந்தன. அவை கூட்டுப்புழுவுக்குள் முட்டையிட்டு, அதையே தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவிகள். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று பிள்ளைகள் நான்கையும் கேட்டு வாங்கிப் புரட்டினார்கள். எதிலும் இல்லை. சீட்டின் அடியில் இடம் இருக்கிறதா என்று அந்தச் சிறுமி புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். இரண்டு வரிக்கு இருந்தது.